புனிதாக்கா சமாதானம் சொல்ல வருகிறார்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை விடியும்போதே எனக்குத் தலை கனக்கத் தொடங்கிவிடும். என் மனைவி பதுருன்னிசா அதை ரத்த அழுத்தம் என்கிறாள், மாத்திரையை எடுத்து நீட்டுகிறாள். மாத்திரைக்கு அடங்குகிற வியாதி இல்லை அது. அதன் பெயர் புனிதாக்கா.

என் பெயர் கமருதீன். ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் மூலைக்கடை நடத்துகிறேன். ரொட்டி சானாய், நாசி கண்டார், தே தாரிக் தேநீர் என்று தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் எல்லா மாமாக் கடையிலும் கிடைப்பதுதான் என்னிடமும் கிடைக்கும். கடைக்குப் பின்னால் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள். சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று கைமாறி, மரங்களைச் சாய்த்து லயன் வீடுகளை இடித்தபோது, அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களில் பாதி இந்த அடுக்குமாடியில்தான் வந்து ஏறின. வரும்போது சட்டி பானையோடு சண்டைகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவற்றில் பெரிய சண்டை, என் கடையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையில் குடியேறிவிட்டது.

புனிதாக்காவும் அவரோடு அதே தோட்டத்திலிருந்து வந்த அற்புதம் என்பவரும் ஒரே சபை. கடை வரிசையின் மறுகோடியில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அந்தச் சபை கூடுகிறது. முதல் ஞாயிறு அவர்களுக்குத் திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள். யார்மீதாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் அவரோடு சமாதானமாகிவிட்டுத்தான் அப்பத்தைத் தொட வேண்டும் என்பது தோட்டத்துக் காலத்திலிருந்து அவர்களுடைய வழக்கம். மற்றவர்கள் வாசலில் கை குலுக்கிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். புனிதாக்கா அப்படிச் செய்ய மாட்டார். ஒப்புக்குக் கை குலுக்கினால் மேலே இருப்பவருக்குத் தெரியாதா என்பார். அதனால் முந்தின நாளே அற்புதத்தைப் பார்த்துப் பேசித் தீர்த்தாக வேண்டும். அற்புதத்தின் வீட்டுப் படியை இவர் மிதிக்க மாட்டார். இவர் வீட்டுப் படியை அவர் மிதிக்க மாட்டார். பொது இடம் வேண்டும். சபைக்காரர் யாருடைய வீடாக இருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்களாம். ஆகவே முஸ்லிம் கடை. யா அல்லாஹ், இந்தத் தாமானில் வேறு முஸ்லிம் கடையே இல்லையா?

சாயந்திரம் கடையில் கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்து வருவார்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு தே தாரிக் சொல்வார்கள். புனிதாக்கா தொண்டையைச் செருமுவார், கை கூப்புவார்.

"அற்புதம், நாளைக்குத் திருவிருந்து. மனசுல எதையும் வச்சிக்கக் கூடாது. அதனால உன்ன நான் மன்னிச்சிட்டேன்."

"நீ என்ன மன்னிக்கிறியா? நல்லா இருக்குலா கத. நான்லா உன்ன மன்னிக்கணும்."

"சரி, மன்னி."

"தப்ப ஒத்துக்காதவள எப்படி மன்னிக்கிறது?"

"நான் என்னா தப்பு பண்ணேன்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் என் கடையில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. மீ கோரெங் கேட்டவருக்கு நாசி கோரெங் போகும். சாப்பிட வந்த சீனர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அற்புதம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டால் சண்டை சூடுபிடித்துவிட்டது என்று பொருள். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது மட்டும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மரியாதை உண்டு. நான் தொழுதுவிட்டுத் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருப்பார்கள்.

என்ன சண்டை என்று கேட்கிறீர்கள். குழம்பில் தண்ணீர் ஊற்றிய சண்டை.

தோட்டத்துச் சபைக் கோயிலில் கடைசியாக நடந்த அறுப்பின் பண்டிகை அது. பலகைக் கோயில், அடுத்த மாதம் இடிக்க இருந்தார்கள். அற்புதம்தான் சமையல். ஆட்டிறைச்சிக் குழம்பு என்றால் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விடியலிலிருந்து அடுப்பை விட்டு நகராமல் வைத்த குழம்பு. ஆனால் பந்தி போடும் நேரத்தில் தோட்டமே வந்து நின்றுவிட்டது. லயத்து இந்துக் குடும்பங்கள், பின்னால் வந்து சேர்ந்த இந்தோனேசியக் கூலியாட்கள், தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டார் என்று எல்லாரும். இனி யார் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று விடைபெற வந்தவர்கள். சோறு இருந்தது. குழம்பு போதாது. புனிதாக்கா யாரையும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அண்டாவில் ஊற்றி, உப்பையும் மிளகாய்த் தூளையும் அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டார். எல்லாரும் சாப்பிட்டார்கள். யாரோ ஒரு கிழவர் கையை நக்கிக்கொண்டே, "அற்புதம் வச்ச கொழம்பா இது? தண்ணியால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தையை அற்புதம் இன்றுவரை விடவில்லை.

கடைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. கொதிக்கவைத்து இறக்கிய இறைச்சிக் குழம்பில் தண்ணீர் ஊற்றுவது கொலைக்குச் சமம். மனதுக்குள் நான் அற்புதம் பக்கம். ஒருமுறை பொறுக்க முடியாமல் மேசைப் பக்கம் போய், "ஊத்துனது வெந்நீரா, பச்சத் தண்ணியாக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒங்களுக்கு எதுக்குண்ணே இது? இது எங்க சபை விஷயம்லா!" என்றார் அற்புதம்.

"போயி ரொட்டிய பாருங்க, கருகுது" என்றார் புனிதாக்கா.

என்னைவிட மூத்தவர்கள்தான். ஆனாலும் நான் அண்ணன். கடையில் நிற்கிறவன் எவனாக இருந்தாலும் அண்ணன்தான்.

கடைசியில் சமாதானம் ஆகாமலும் போகாது. கத்திக் கத்திக் களைத்துப்போன பிறகு, "சரி, குடு கைய" என்று ஒருவர் சொல்வார். மற்றவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டுவார். ஒரு ரொட்டியை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். மறுநாள் திருவிருந்து. அடுத்த மாதம் மறுபடியும் என் கடை.

புனிதாக்காவின் சண்டை அற்புதத்தோடு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பிறந்து வளர்ந்த விதமே அப்படி. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். இவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதே வேலைக்குப் போனார். விடிவதற்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணியோடு சண்டை, பால் நிறுக்கும் இடத்தில் கிராணியோடு சண்டை. காய்ச்சலோடு வந்த ஒருத்தியை வேலைக்குப் போகச் சொன்னான் என்பதற்காகக் கங்காணியின் சைக்கிளைத் தூக்கிக் கால்வாயில் போட்டவர் என்று கதை உண்டு. அவரிடமே கேட்டேன். "சைக்கிள் இல்லண்ணே, லாம்பு மட்டுந்தான்" என்றார்.

புருஷன் மரியதாஸ் நல்ல மனிதராம், வாய் பேசாதவராம். வேறு எப்படி இருந்திருக்க முடியும்? மாரடைப்பில் இளவயதிலேயே போய்விட்டார். மகள் தினேஸ்வரியை வளர்த்து, படிக்கவைத்து, லூமுட்டில் கட்டிக்கொடுத்தார். தோட்டம் போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். மகள் கூப்பிடாத நாள் இல்லை. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, மருமகன் நல்ல பையன். ஒருமுறை போய்விட்டு ஒரு வாரம்கூட இருக்காமல் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அங்க எல்லாரும் அன்பா இருக்காங்கண்ணே. மூச்சு முட்டுது."

சபையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவரும் அவர்தான். போய் நின்று திட்டுவார். ஏன் முன்னமே சொல்லவில்லை, ஏன் இந்தக் கண்டதையெல்லாம் தின்றாய், ஏன் இந்தத் தலையணை இவ்வளவு அழுக்காக இருக்கிறது. திட்டிக்கொண்டே தலையணை உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டு வருவார். பிள்ளை பெற்ற வீட்டில், சாவு வீட்டில், வேலை போனவன் வீட்டில், எல்லா இடத்திலும் இதே கதை. அவர் வந்து போன வீட்டில் அடுப்பு எரியும், வீட்டுக்காரர் முகம் கடுகடுவென்று இருக்கும். ஒரு நல்ல காரியத்தை இவ்வளவு எரிச்சல் வரும்படி செய்ய முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சபைக்குப் புதிதாக ஒரு பாஸ்டர் வந்தார். பவித்ரன் என்று பெயர். சின்ன வயது, மெல்லிய குரல், இஸ்திரி போட்ட சட்டை. ஒரு சனிக்கிழமை தற்செயலாகத் தே குடிக்க வந்தவர், மின்விசிறி மேசையில் நடந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, ரொம்ப மன்னிக்கணும். எனக்கு வெக்கமா இருக்கு."

"எனக்குப் பழகிருச்சு பாஸ்டர்."

"அதுலா பிரச்சினையே. நாங்க ஒருத்தர ஒருத்தர் நேசிக்கிறத பாத்துத்தான் வெளி ஆளுங்க எங்கள யாருன்னு தெரிஞ்சிக்கணும். எங்க சாட்சியே அதான். இவங்க ரெண்டு பேரும் ஒங்க கடையில ஒக்காந்து அந்தச் சாட்சிய நாறடிக்கிறாங்க. நீங்க எங்களப் பத்தி என்னா நெனப்பீங்க?"

வெளி ஆள் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறேன்? மாதத்துக்கு ஒருமுறை இவர்கள் வேறு கடைக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அப்படியே சொன்னேன்.

பாஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து சமாதானம் சொல்வது சபை அலுவலகத்தில் என்று ஏற்பாடு ஆயிற்று. பூத்துணி விரித்த மேசை. ஒரு பக்கம் இவர், மறுபக்கம் அவர், நடுவில் பாஸ்டர். பழைய பேச்சு எடுக்கக் கூடாது. ஒரு சின்ன ஜெபம், கை குலுக்கல், முடிந்தது. ஒரு தே ஆறுவதற்குள் இருவரும் படி இறங்கி வந்துவிடுவார்கள். புனிதாக்கா என் கடை வழியாகப் போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்.

"என்னாக்கா, சமாதானம் ஆச்சா?"

"ஆச்சு. சப்புன்னு ஆச்சு."

எனக்கு நிம்மதிதான். சனிக்கிழமை வியாபாரம் ஒழுங்காக நடந்தது. தலை கனக்கவில்லை. மின்விசிறி மேசையில் கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பதுருன்னிசாதான், "கடை என்னவோ மவுத்தான ஊடு மாதிரி இருக்குங்க" என்றாள், சாவு வீடு போல என்று. நான் கல்லாச் சில்லறையை மறுபடி எண்ணினேன்.

இப்படி மூன்று நான்கு மாதம் போயிருக்கும். ஒரு முதல் சனிக்கிழமை, சாயந்திரக் கூட்டம் தொடங்கும் நேரம், புனிதாக்கா வேகமாகக் கடைக்குள் வந்தார். சேலை முந்தானை எங்கோ போகிறது, கண் சிவந்திருக்கிறது.

"அண்ணே, காடிய எடுங்க."

"என்னாக்கா, கூட்ட நேரம்லா இது."

"காடிய எடுங்கன்னா எடுங்கண்ணே! அற்புதம் ஆஸ்பத்திரியில கெடக்கா."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு ஆளே கிடைக்கவில்லையா, டாக்சி இல்லையா, சபையில் ஒருவரிடமும் கார் இல்லையா? ஆனால் அவர் ஏற்கனவே என் காரின் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பதுருன்னிசா என் கையில் சாவியைத் திணித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள்.

வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். அற்புதத்துக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. காலுறை போட்டு மறைத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், விடிந்ததும் எடுத்தாக வேண்டும், விட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறி ஆள் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அற்புதம் மாட்டேன் என்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தீபன் பஸ் பிடித்து வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். பாஸ்டர் ஜெபம் பண்ணியிருக்கிறார். டாக்டர்கள் மாறி மாறிச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாராம்.

"ஒங்க கடையில ஒக்காந்திருந்தா நான் பாத்திருப்பேன்ணே" என்றார் புனிதாக்கா. "கால தூக்கி நாக்காலியில வச்சிருப்பா. நான் பாத்திருப்பேன். அந்தப் பூத்துணி மேசைக்கு அடியில கால ஒளிச்சு வச்சிட்டு என் கைய குலுக்கிட்டுப் போயிருக்கா. சமாதானமாம் சமாதானம்!"

முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அழுதார். எனக்கும் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. அந்தப் பூத்துணிமீது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெண்கள் வார்டு. அற்புதம் இத்தனை சின்ன உருவம் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலைச் சுற்றி வெள்ளைத் துணி. பக்கத்தில் தீபன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாஸ்டர் பவித்ரன் நின்றுகொண்டிருந்தார், அவர் சட்டை கசங்கி அன்றுதான் பார்த்தேன். நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

அற்புதம் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா" என்றார். "நாளைக்குத் திருவிருந்து. பாஸ்டர் காலையில இங்கயே கொண்டாறாராம். அதுக்கு முன்னாடி உன்ன பாக்கணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

புனிதாக்கா துணி சுற்றிய காலையே பார்த்தார்.

"நீ தண்ணி ஊத்துனதையும் மன்னிச்சிட்டேன். நெசமா மன்னிச்சிட்டேன். மனசுல ஒண்ணும் இல்ல. கைய குடு. நான் நிம்மதியா போறேன்."

கையை நீட்டினார். ஊசி குத்திய கை. இத்தனை வருஷமாக என் கடையை ரணகளமாக்கிய சண்டை என் கண் முன்னாலேயே முடிந்துவிட்டது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புனிதாக்கா தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாட்டேன்."

"என்னாது?"

"கை தர மாட்டேன். சமாதானம் சொல்ல மாட்டேன். நீ மன்னிச்சதையும் ஏத்துக்க மாட்டேன்."

பாஸ்டர் பதறிப்போனார். "அக்கா! என்னாக்கா இது? சாகப்போறவங்ககிட்ட போயி..."

"சாகப்போறான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா பாஸ்டர்?" அவர் குரல் வார்டு முழுவதும் கேட்டது. "அவ கேட்டதுக்கெல்லாம் தலைய ஆட்டி, அப்பத்தயும் கையில குடுத்து அனுப்பி வைக்கப் போறீங்களா? இவளுக்கு நிம்மதி வேணுமாம். நான் குடுக்க மாட்டேன்."

அற்புதத்தின் பக்கம் திரும்பினார்.

"நல்லா கேட்டுக்க. நீ கால எடுக்காம செத்தேன்னா, நான் ஆயுசுக்கும் திருவிருந்து எடுக்க முடியாது. உன்னோட சமாதானம் ஆகாம எப்படி எடுப்பேன்? கல்லறையில வந்து யாரோட சண்ட போடுவேன்? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து ஒரு திருவிருந்து விட்டதில்ல. என் புருஷன பொதச்ச வாரம்கூட எடுத்தேன். அத்தனையும் நீ நாசம் பண்ணிட்டுப் போவியா? போ. போயி ஆண்டவருக்குப் பதில் சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"பாவி" என்றார் அற்புதம். அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "ஒரு கால வச்சிக்கிட்டு நான் எங்கடி கெடப்பேன்? நாலாவது மாடி. லிப்ட் என்னிக்கு வேல செஞ்சிருக்கு? இவன் சிங்கப்பூருல ஒரு ரூம்ப நாலு பேரோட பங்கு போட்டுக்கிட்டு இருக்கான். என்ன அங்க தூக்கிட்டுப் போவானா? யாரு வீட்டு மூலையில நான் நொண்டியா கெடக்கறது?"

அதுதான் விஷயம். மகனிடம் சொல்லாதது, பாஸ்டரிடம் சொல்லாதது, டாக்டரிடம் சொல்லாதது. தீபன் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான். எல்லாரும் அவருக்கு வலிக்குத்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என் வீட்டுல கெட" என்றார் புனிதாக்கா. "கீழ் வீடுதான? படி ஏற வேணாம். தினேஸ்வரி ரூமு சும்மாத்தான் கெடக்கு."

"தெனமும் உன் மூஞ்சியில முழிக்கணுமா?"

"எனக்கு மட்டும் ஆசையா?"

"நீ வைக்கிற கொழம்ப நான் திங்கணுமா?"

"நீ ஒக்காந்த எடத்துலேருந்து சொல்லு, நான் வைக்கிறேன். தப்பா வச்சா கத்து. எனக்கென்ன காது செவுடா?"

அற்புதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக்கொண்டது. அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன். அடக்கவில்லை, அழுதுவிட்டார். "குளிப்பாட்டணும்டி. கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போவணும்."

"மரியதாஸோட அம்மாவுக்குப் பண்ணலியா? அந்தக் கெழவி உன்னவிட மோசமா திட்டுவா."

பிறகு அற்புதம் மகனிடம், "டாக்டர கூப்புடு" என்றார்.

கையெழுத்துப் போட்டார். டாக்டர் போனதும் மறுபடி கையை நீட்டினார். "போட்டுட்டேன்ல. இப்ப குடு கைய."

"இப்ப இல்ல."

"என்னாடி, போட்டுட்டேன்லா!"

"காலையில தியேட்டருக்குப் போயிட்டு உசுரோட திரும்பி வா. வந்து கேளு. அது வரைக்கும் நானும் திருவிருந்து எடுக்கல, நீயும் எடுக்காத. பாக்கி வச்சிட்டுப் போற ஆளு இல்ல நீ. எனக்குத் தெரியும்."

பாவம், எந்தப் பாடத்திலும் இதைப் பாஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அறுவைக்கு டாக்டர் கேட்ட ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யத் தீபனைக் கூட்டிக்கொண்டு கீழே போனார்.

எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாய் வார்த்தை, கையைத் தொட்டுவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷிக்கு? அந்தக் கோபத்தோடுதான், நான் இப்படிக் கிடந்தால் என்னைச் சாக விட மாட்டேன் என்று என்னோடு சண்டைக்கு நிற்க யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பதுருன்னிசா வருவாள். வேறு ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் எனக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுப்பவர்கள் நிறையப் பேர். எல்லாரும் மரியாதையானவர்கள். ஒருவரோடும் எனக்குச் சண்டை கிடையாது.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. மலாய்க்கார நர்ஸ் மிஸி ஒருவர் ஒவ்வொரு கட்டிலாக வந்து ஆட்களைக் கிளப்பினார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு நோயாளியோடு ஒரு பெண் தங்கலாம், ஆனால் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்றார். புனிதாக்காவைப் பார்த்து, "கெலுவார்கா கா?" என்று கேட்டார். குடும்பமா?

புனிதாக்கா வாழ்நாளில் பொய் சொன்னவர் இல்லை. "புக்கான், மிஸி" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, பையை எடுக்கக் குனிந்தார். கட்டிலில் அற்புதத்தின் முகம் வெளுத்தது. அவர் கை தானாகப் போய்ப் புனிதாக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"அடிக் பெராடிக்" என்றேன் நான்.

மிஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். தொப்பி போட்ட ஒரு முஸ்லிம், இரண்டு கிறிஸ்தவப் பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, கூடப்பிறந்தவர்கள் என்கிறான்.

"கூடப்பிறந்தவங்கதான் மிஸி. எனக்குப் பல வருஷமா தெரியும்" என்று மலாயில் சொன்னேன். "இவங்க சண்டைய நீங்களே கேட்டீங்களே."

பொய் சொன்னேன் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. மிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யார் அக்கா என்று கேட்டார்.

"இவதான்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

"நான் உன்னவிட சின்னவடி" என்றார் அற்புதம்.

"யாரு, நீயா? நான் பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்பவே நீ ரெட்ட ஜட போட்டுக்கிட்டு வருவ."

மிஸி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். புனிதாக்கா உட்கார்ந்தார்.